எறிவோன் கையும் இருபத்தாறு ஆண்டும்

துடுப்பாட்டத்தைப் பற்றி நம்மவர்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கல்லூரிக்குக் கல்லூரி நடைபெறும் போட்டிகளின் பெறுபேறுகளை ஆண்டுவாரியாக ஒப்புவிக்க வல்ல பழைய மாணவர் நம்மிடையே பலர் உளர். ஆயினும் துடுப்பெடுத்தவர் குவித்த ஓட்டங்களை நினைவில் வைத்திருக்கும் அளவுக்குப் பந்து வீசியவர் பட்ட பாட்டை நாம் நினைவில் வைப்பதில்லை. ஓட்டங்கள் ஏட்டில் ஏறுகின்றன. வீசியவன் கைநோவு அவனோடு வீட்டுக்குச் சென்றுவிடுகின்றது.

பந்தை எறிவதையே பிழைப்பாகக் கொண்ட ஒருவரின் தொழில் வாழ்க்கையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அவர் நம் நாட்டவர் அல்லர். அவர் ஆடிய ஆட்டமும் நம் ஆட்டமன்று. அவர் பெயர் ரொமி ஜோன். அமெரிக்காவிலே இப்பெயரைச் சொன்னால் இன்று பலர்க்கும் ஒரு மனிதர் நினைவுக்கு வருவதில்லை. ஒரு சத்திர சிகிச்சையே நினைவுக்கு வருகின்றது. வாழ்ந்த ஒருவரின் பெயர் வைத்தியசாலைச் சொல்லாகிவிட்டது. அப்பெயருக்குப் பின்னால் நின்ற மனிதரையும், அவர் கையையும், அக்கையைத் திருத்திய வைத்தியரையும் அறிந்துகொள்வது மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் பயன் தருமென்பது என் எண்ணம்.

எறிவோன் தொழில்

பேஸ்போல் எனப்படும் அவ்வாட்டத்தின் இயல்பை முதலில் சுருக்கமாக அறிந்துகொள்ளல் வேண்டும். மைதானத்திலே வைர வடிவில் நான்கு தளங்கள் உள. ஒன்றிலிருந்து அடுத்ததற்கு 90 அடி. பந்தை அடித்தவன் அத்தளங்களைச் சுற்றி ஓடித் தொடங்கிய இடத்துக்கு மீண்டால் ஓர் ஓட்டம். ஒரு பக்கத்தார் மூவர் ஆட்டமிழந்ததும் மறுபக்கத்தார் அடிக்க வருவர். இவ்வாறு இரு பக்கத்தாரும் ஒன்பது ஒன்பது முறை அடித்தால் ஓர் ஆட்டம் முடியும்.

மைதானத்தின் நடுவே சிறியதொரு மண்மேடை உண்டு. எறிவோன் அம்மேடையில் நிற்பான். அடிப்போன் நிற்கும் தட்டு அங்கிருந்து 60 அடி 6 அங்குலம். இவ்வளவு 1893-ஆம் ஆண்டு முதல் மாறவில்லை. நம் ஆட்டத்திலே வீசுவோன் ஓடி வந்து முழங்கையை நிமிர்த்தி வீசுகின்றான். பந்து பெரும்பாலும் நிலத்திற் பட்டு எழுகின்றது. பேஸ்போலிலே ஓட்டமும் இல்லை; நிலத்திற் படுதலும் இல்லை. நின்ற நிலையிலிருந்து ஒரு காலைத் தூக்கி, உடலை முறுக்கி, முழங்கையை மடக்கிப் பின்னர் விசையுடன் நிமிர்த்தி எறிதல் வேண்டும். தட்டின் அகலம் 17 அங்குலம். அதற்கு மேலே, அடிப்போன் முழங்காலுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட வெளியே எறிவோனுக்குரிய இலக்கு. அவ்வெளியிற் சென்ற பந்தை அடிப்போன் அடியாது விட்டாலும், அடிக்க முயன்று தவறவிட்டாலும் அது 'ஸ்ரைக்' எனப்படும். மூன்று ஸ்ரைக் ஆயின் அவன் ஆட்டமிழப்பான். இலக்குக்குப் புறத்தே சென்று அவன் அடியாது விட்ட பந்து நான்காயின் அவனுக்கு முதல் தளம் இனாமாகக் கிடைக்கும்.

மணிக்கு 90 மைல் வேகத்தில் எறியப்படும் பந்து அடிப்போனை அடைவதற்கு ஒரு வினாடியிற் பாதியும் செல்லாது. அவ்வேகத்தோடு பந்தை வளைக்கவும், தாழ்த்தவும், வேகம் போற் காட்டி மெதுவாக்கவும் எறிவோன் கற்றிருத்தல் வேண்டும். ஓர் ஆட்டத்தில் ஏறக்குறைய நூறு பந்துகளை அவன் எறிவதுண்டு. ஆகவே ஒரு நாள் எறிந்தவனுக்கு அடுத்த சில நாள்கள் ஓய்வு கொடுத்து, நால்வர் ஐவரை முறைவைத்து எறிவிப்பது வழக்கம். அமெரிக்கப் பெரிய சங்கங்களில் ஒரு பருவத்துக்கு 162 ஆட்டங்கள் நடைபெறுவதால், முறையாக எறிபவன் ஒருவனுக்குப் பருவத்துக்கு முப்பதுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் கிடைக்கும். வென்ற ஆட்டமும் தோற்ற ஆட்டமும் அவன் பெயரிலேயே எழுதப்படும். ஒன்பது முறை கொண்ட ஓர் ஆட்டத்துக்குச் சராசரி எத்தனை ஓட்டம் விட்டுக்கொடுத்தான் என்பதும் கணக்கிடப்படும். அச்சராசரி மூன்றுக்குக் கீழாயின் அவன் சிறந்தவன் என்பர்.

இளமையும் முதற் பன்னிரண்டு பருவமும்

ரொமி ஜோன் 1943-ஆம் ஆண்டு மே மாதம் 22-ஆம் தேதி இந்தியானா மாநிலத்தில் ரெறே ஹோட் என்னும் ஊரிற் பிறந்தார். இடக்கையர். 1963 செப்டெம்பரில், இருபது வயதிலே, கிளீவ்லன்ட் அணிக்காகப் பெரிய சங்கத்தில் முதன்முதலாக எறிந்தார். தொடக்கம் சிறப்பாக இல்லை. அவ்வணியில் இருந்த ஈராண்டில் அவர் வென்றவை 2, தோற்றவை 11. 1965-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவரைச் சிக்காகோ வைற் சொக்ஸ் அணிக்கு மாற்றிவிட்டனர். அங்கே ஏழு பருவம் எறிந்து 82 ஆட்டங்களை வென்றார்; 80 ஆட்டங்களைத் தோற்றார். 1971-ஆம் ஆண்டின் முடிவில் லொஸ் ஏஞ்சல்ஸ் டொட்ஜேர்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார்.

'மாற்றப்பட்டார்' என்னும் இச்சொல்லைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். அக்காலத்து ஒப்பந்தங்களில் ஒரு விதி இருந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னரும் ஆட்டக்காரன் அவ்வணிக்கே உரியவன் என அணி உரிமையாளர் அவ்விதிக்குப் பொருள் கொண்டனர். அணியார் அவனை விற்கலாம், மாற்றலாம், விலக்கலாம். அவன் தானாக வேறிடம் தேடிச் செல்லல் இயலாது. கேர்ற் ஃபிளட் என்னும் வீரர் இதனை எதிர்த்து வழக்காடினார். 1972-இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஐவர்க்கு மூவர் என்ற கணக்கில் அவ்வழக்கைத் தள்ளிவிட்டது. புகழும் ஊதியமும் பெற்ற தொழிலாயினும், தன் கையைத் தான் விலை பேசும் உரிமை அத்தொழிலாளிக்கு இல்லாதிருந்த காலம் அது.

ரொமி ஜோன் மிக்க வேகமாக எறிபவர் அல்லர். அவர் வல்லமை வேறு. அவர் பந்து அடிப்போனை அணுகும் தறுவாயிற் சற்றே தாழும். அடிப்போன் பந்தின் மேற்பாகத்தையே அடிப்பான்; பந்து நிலத்தோடு உருண்டு களத்தில் நிற்பவர் கையிற் சேரும். பலரை வியப்பிலாழ்த்தும் எறிவன்று அது, பொறுமைக்காரன் எறிவு. டொட்ஜேர்ஸ் அணியில் அது நன்கு பலித்தது. 1972-இல் 11 வெற்றி, 1973-இல் 16 வெற்றி. 1974-ஆம் ஆண்டுப் பருவத்தின் நடுவே 13 வெற்றியும் 3 தோல்வியும் பெற்று நின்றார். அவர் வாழ்நாளில் அதுவரை கண்ட சிறந்த பருவம் அதுவே.

1974 யூலை 17

அன்று டொட்ஜேர்ஸ் மைதானத்தில் மொன்றியல் அணியுடன் ஆட்டம். வழக்கமாக எறியும் தாழ்பந்தை எறிந்தபோது இடது முழங்கையின் உட்புறத்தில் ஏதோ விட்டுப்போனது போல் உணர்ந்தார். பந்து இலக்கை விட்டு எங்கோ சென்றது. அடுத்த பந்தும் அவ்வாறே சென்றது. அவர் தாமாகவே மேடையை விட்டிறங்கினார். சில வாரம் ஓய்வு கொடுத்துப் பார்த்தனர். மீண்டும் எறிய முயன்றபோது கையில் வலுவில்லை.

அக்காலத்து எறிவோர்க்கு இத்தகைய நோய் தொழிலின் முடிவையே குறித்தது. இதற்கு எடுத்துக்காட்டு அதே அணியில் இருந்தது. சண்டி கூஃபக்ஸ் என்னும் இடக்கையர் 1961 முதல் 1966 வரை பேஸ்போல் உலகமே கண்டு அஞ்சும் வண்ணம் எறிந்தவர். 1965-இல் 382 பேரை ஸ்ரைக் முறையால் வீழ்த்தினார். அவ்வாண்டு செப்டெம்பர் 9-ஆம் தேதி சிக்காகோ கப்ஸ் அணியார் ஒருவரைத்தானும் முதல் தளம் ஏறவிடாது ஓர் ஆட்டத்தை முழுமையாக எறிந்து முடித்தார். 1966-இல் 27 ஆட்டங்களை வென்றார். ஓட்டச் சராசரி 1.73. அத்தகைய பருவத்தை முடித்த கையோடு, நவம்பர் மாதத்தில், தம் முப்பதாவது வயதிலே, இனி எறிவதில்லை என அறிவித்துவிட்டார். அவர் இடது முழங்கை மூட்டு அழற்சியால் வீங்கி, நிமிர்த்த இயலாத நிலையை அடைந்திருந்தது. கையை இழந்துவிடாது மீதி வாழ்நாளைக் கழிக்க விரும்பியே அவர் விலகினார். புகழின் உச்சியில் நின்றவர்க்கே வைத்தியத்தில் வழியிருக்கவில்லை எனின், ஏனையோர் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

முழங்கையின் அமைப்பு

அந்நோய் யாது என்பதை இனி நோக்குவோம். எலும்போடு எலும்பைக் கட்டிவைப்பது பிணைநார். தசையை எலும்போடு கட்டிவைப்பது தசைநாண். இவ்விரண்டையும் மயங்கக் கொள்ளலாகாது. முழங்கையின் உட்புறத்தில், மேற்கை எலும்பின் கீழ்நுனியையும் முன்கையின் இரு எலும்புகளுள் சிறுவிரற் பக்கத்து எலும்பையும் இணைத்து நிற்பது ஒரு பிணைநார். எடுத்தெழுதுதல், உண்ணல், சுமத்தல் முதலாய நாளாந்த அலுவல்களில் அதற்கு அதிக வேலையில்லை. அது முற்றாக அறுந்தாலும் ஒருவன் எழுத்தராகவோ கமக்காரனாகவோ தன் காலத்தைக் கழித்துவிடலாம்.

ஆனால் எறிவோன் கதை வேறு. அவன் உடல் முன்னே திரும்பும்போது கை பின்னே தங்கிவிடுகின்றது. முன்கை பின்புறமாகச் சாய்கின்றது. அடுத்த கணத்தில் அது முன்னே சுண்டி இழுக்கப்படுகின்றது. அக்கணத்தில் முழங்கையின் உட்புறம் பிளந்து திறக்க முயலும். அவ்வாறு திறவாது பிடித்துவைப்பது அச்சிறு நாரே. சுற்றியுள்ள தசைகள் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்வதாலேயே அது அறாது நிற்கின்றது. தசைகள் களைத்தபின் பாரம் முழுவதும் நார்மேல் விழும். நாள்தோறும் சிறிது சிறிதாகப் பழுதுபட்டு ஒரு நாள் அது அறும். ஆகவே அறுவது ஒரு பந்திலாயினும், அறுத்தவை முன்னர் எறிந்த ஆயிரம் பந்துகளே ஆகும்.

வைத்தியர் ஜோப் கண்ட வழி

டொட்ஜேர்ஸ் அணியின் வைத்தியர் பிராங்க் ஜோப். 1925-இற் பிறந்த இவர் இரண்டாம் உலகப் போரிலே அமெரிக்கப் படையின் வைத்தியப் பகுதியிற் பணியாற்றியவர். பின்னர் எலும்பு மூட்டுச் சத்திர சிகிச்சையிற் தேர்ச்சி பெற்றார். அறுந்த நாரைத் தைத்தால் அது எறியும் விசையைத் தாங்காது என்பதை அவர் அறிவார். ஆனால் போலியோ நோயாற் செயலிழந்தோர்க்கும், கையிற் காயம்பட்டோர்க்கும் உடம்பின் ஓரிடத்துத் தசைநாணை எடுத்து வேறோரிடத்திற் பொருத்தும் முறை முன்னரே வழங்கி வந்தது. அம்முறையை எறிவோன் முழங்கைக்குப் பயன்படுத்தினால் என்ன என்பதே அவர் எண்ணம். புதுமை கருவியில் இல்லை. ஓரிடத்தில் அறிந்ததை வேறோரிடத்துக்குக் கொண்டுசென்ற சிந்தையில் இருந்தது.

முன்கையில், மணிக்கட்டின் நடுவே, ஒரு மெல்லிய தசைநாண் ஓடுகின்றது. பெருவிரல் நுனியையும் சிறுவிரல் நுனியையும் ஒன்றுசேர்த்து மணிக்கட்டைச் சற்று மடக்கினால் அது கயிறு போல் எழுந்து நிற்பதை இம்மலரை வாசிப்போர் தத்தம் கையிற் காணலாம். சிலர்க்கு அது பிறவியிலேயே இல்லை. இல்லாதவர்க்கு அதனாற் குறைவொன்றும் இல்லை. இன்றியும் வாழத்தக்க அந்நாணையே வைத்தியர் ஜோப் தேர்ந்தெடுத்தார்.

வெற்றி கிட்டும் வாய்ப்பு எவ்வளவு என நோயாளர் கேட்டபோது, நூற்றுக்கு ஒன்று என்று வைத்தியர் ஒளியாது உரைத்தார். செய்யாவிடின் வாய்ப்பே இல்லை என்பதும் உண்மை. ஒன்று பூச்சியத்திலும் பெரிது எனத் துணிந்து ரொமி ஜோன் இசைந்தார்.

1974 செப்டெம்பர் 25-ஆம் தேதி சிகிச்சை நடைபெற்றது. வலது முன்கையின் நாண் எடுக்கப்பட்டது. இடது முழங்கையின் ஈரெலும்புகளிலும் துளையிட்டு, கட்டில் பின்னுவோன் கயிற்றைக் கோத்து இழுப்பது போல், எட்டு என்னும் இலக்க வடிவில் அந்நாண் கோக்கப்பட்டது. எடுத்து வைத்த நாண் அன்றே நாராகிவிடுவதில்லை. அதனுட் புதிய குருதிக் குழாய்கள் புகுதல் வேண்டும்; புதிய உயிரணுக்கள் குடியேறல் வேண்டும். மெல்ல மெல்ல அது தன் பழைய இயல்பை விட்டுப் பிணைநாரின் இயல்பைப் பெறும். அதற்கு ஓராண்டளவு செல்லும். வைத்தியன் கோத்து விடலாம். அதனைத் தனதாக்கிக்கொள்ள வேண்டியது உடம்பே.

காத்திருந்த ஆண்டு

சிகிச்சைக்குப் பின் புதியதோர் இடையூறு தோன்றியது. முழங்கையின் உட்புறமாகச் செல்லும் நரம்பு நெருக்குண்டு செயலிழந்தது. விரல்கள் பருந்தின் நகம் போல் மடங்கி உணர்விழந்தன. அவ்வாண்டு டிசெம்பரிலே மீண்டும் கையைத் திறந்து அந்நரம்பை வேறு வழியில் அமைத்தனர். பழுதுபட்ட நரம்பு வளரும் வேகம் மாதத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலமே. முழங்கையிலிருந்து விரல் நுனிவரை அது வளர்ந்து சேர எத்தனை மாதம் செல்லும் என்பதை மாணவர் தாமே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

1975-ஆம் ஆண்டுப் பருவம் முழுவதும் அவர் எறியவில்லை. முப்பத்திரண்டு வயதை எட்டிய எறிவோனுக்கு ஓர் ஆண்டை இழத்தல் சிறிய இழப்பன்று. ஆயினும் அவர் வாளாவிருக்கவில்லை. விரல்களுக்கு வலுவேற்றும் பயிற்சிகளை நாளும் செய்தார். பந்தைப் பிடிக்கவே இயலாத நிலையிலிருந்து, பிடிக்கவும், மெல்ல எறியவும், தூர எறியவும் படிப்படியாகப் பழகினார். இவ்வேளையில் அவர்க்கு உதவியவர் அதே அணியின் எறிவோரான மைக் மார்ஷல். உடலசைவு பற்றிய அறிவியலைப் பல்கலைக்கழகத்திற் கற்று வந்த மார்ஷல், மூட்டுக்கு நோவு குறையும்படி உடலைத் திருப்பி எறியும் முறையைத் தம் தோழர்க்குக் காட்டிக்கொடுத்தார். பன்னிரண்டு பருவம் பெரிய சங்கத்தில் எறிந்தவர், எறிவதெப்படி என்பதை மீண்டும் அரிவரியிலிருந்து கற்றார். தம் இடத்தைப் பறித்துக்கொள்ளக்கூடிய ஒருவர்க்கே தாம் கற்றதைக் கற்பித்த தோழரின் பெருந்தன்மையும் இங்கே குறிக்கத்தக்கது.

மீட்சி

1976-ஆம் ஆண்டு ஏப்பிரலில் ரொமி ஜோன் மீண்டும் மேடை ஏறினார். அப்பருவத்தில் 31 ஆட்டங்களைத் தொடங்கி எறிந்தார். 10 வெற்றி, 10 தோல்வி, சராசரி 3.09. இலக்கத்தை மட்டும் பார்ப்பவர்க்கு இது நடுத்தரமான பருவம். கையைப் பார்த்தவர்க்கோ இது எவரும் முன்னர் கண்டிராத காட்சி.

அடுத்த ஆண்டு, 1977-இல், 20 ஆட்டங்களை வென்றார், 7 ஆட்டங்களையே தோற்றார், சராசரி 2.78. இரு கையும் பழுதற்றிருந்த காலத்தில் ஒரு பருவத்திலேனும் அவர் இருபது வெற்றி பெற்றதில்லை என்பது நோக்கத்தக்கது. 1977-இலும் 1978-இலும் டொட்ஜேர்ஸ் அணி உலகத் தொடரை எட்டியது. இருமுறையும் நியூ யோர்க் யாங்கீஸ் அணியிடம் தோற்றது.

இதற்கிடையே தொழிலின் சட்டமும் மாறியிருந்தது. அதே டொட்ஜேர்ஸ் அணியில் எறிந்த அன்டி மெசர்ஸ்மித் என்பவரும் வேறோர் எறிவோரும் ஒப்பந்தமின்றி ஓராண்டு ஆடிப் பின்னர் தாம் விடுதலை பெற்றவர் என வாதாடினர். 1975 டிசெம்பரில் நடுவர் பீற்றர் சைற்ஸ் அவர்க்கே சார்பாகத் தீர்த்தார். மேலே கூறிய பழைய விதி அத்துடன் வலியிழந்தது. அதன் பயனாக 1978-ஆம் ஆண்டின் முடிவில் ரொமி ஜோன் தாமே தேர்ந்து யாங்கீஸ் அணியிற் சேர்ந்தார். இருமுறை பிறராற் பிறர்க்குக் கொடுக்கப்பட்ட கை, அறுத்துக் கோக்கப்பட்ட பின்னரே தன் விலையைத் தானே பேசிற்று. 1979-இல் 21 வெற்றி. 1980-இல் 22 வெற்றி. 1981-இல் யாங்கீஸ் அணிக்காக உலகத் தொடரில் எறிந்தபோது எதிர்நின்றவர் அவருடைய பழைய டொட்ஜேர்ஸ் அணியாரே. இம்முறை வென்றவர் அவர்கள்.

1982-இல் கலிபோர்ணியா ஏஞ்சல்ஸ் அணிக்குச் சென்றார். 1985-இல் ஓக்லன்ட் அணிக்காக எறிந்தார். 1986-இல் மீண்டும் யாங்கீஸ் அணிக்கு வந்தார். 1989-ஆம் ஆண்டு, தம் நாற்பத்தாறாவது வயதில், ஓய்வு பெற்றார். 1963 முதல் 1989 வரை, இழந்த 1975 நீங்கலாக, 26 பருவங்கள். எறிந்த ஆட்டங்கள் 760. வெற்றி 288, தோல்வி 231.

அவ்விருநூற்றெண்பத்தெட்டையும் பிரித்து நோக்குதல் வேண்டும். நார் அறுவதற்கு முன்னர்ப் பெற்றவை 124; பின்னர்ப் பெற்றவை 164. இரவல் நாணோடு எறிந்த காலமே அவர் வாழ்வின் பெரும்பாகமாயிற்று.

கூப்பர்ஸ்ரவுன் நகரிலுள்ள பேஸ்போற் புகழ்மண்டபத்திற் சேர்வதற்கு 300 வெற்றி ஒரு பேரளவாகக் கருதப்படுவது மரபு. ரொமி ஜோனுக்குக் குறைந்தவை பன்னிரண்டு. காத்திருந்த காலத்தை எறிவதிற் கழித்திருப்பின் அக்குறை நிரம்பியிருக்கும் என்று கூறுவோர் உளர். எழுத்தாளர் வாக்கெடுப்பில் 1995 முதல் 2009 வரை பதினைந்து முறை அவர் பெயர் முன்வைக்கப்பட்டும், வேண்டிய முக்காற் பங்கு வாக்குக் கிட்டவில்லை. ஆயினும் பன்னிரண்டை இழந்த அந்த ஆண்டே நூற்றறுபத்து நான்கைத் தந்தது என்பதையும் மறத்தல் கூடாது. 2013-இல் அதே கூப்பர்ஸ்ரவுனில் வைத்தியர் ஜோப் கௌரவிக்கப்பட்டார். 2014 மார்ச்சில், 88-ஆவது வயதில், அவர் காலமானார்.

நன்மையும் தீமையும்

வைத்தியர் ஜோப் தம் முறையை அவசரப்பட்டுப் பறைசாற்றவில்லை. முதல் நோயாளர் பல பருவம் நின்று பிடித்ததைக் கண்ட பின்னர்ப் பிறர்க்கும் செய்தார். 1986-இல் பதினாறு விளையாட்டு வீரர்க்குச் செய்த சிகிச்சையின் பெறுபேற்றை வைத்திய ஏட்டில் வெளியிட்டார். அவருட் பத்துப் பேர் தம் பழைய தரத்துக்கு மீண்டிருந்தனர். பின்னர் முறை மேலும் செம்மையடைந்தது. பெரிய சங்கங்களின் எறிவோருள் இன்று நாலில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் இச்சிகிச்சை பெற்றவர். எறிதலிலும் அடித்தலிலும் ஒருங்கே புகழ்பெற்ற யப்பானிய வீரர் ஷோஹெய் ஓதானியும் 2018-இல் இதனைச் செய்துகொண்டவரே.

ஆனால் நல்லதொரு மருந்தும் தீயதொரு நம்பிக்கையை வளர்க்கக்கூடும். 2007 முதல் 2011 வரை அமெரிக்காவில் நடைபெற்ற இச்சிகிச்சைகளை ஆராய்ந்தோர், அவற்றுட் பாதிக்கு மேற்பட்டவை பதினைந்து முதல் பத்தொன்பது வயதுக்கு உட்பட்ட இளைஞர்க்கே செய்யப்பட்டன எனக் கண்டனர். அதாவது, பள்ளி மாணவர்க்கும் அண்மையிற் பள்ளி நீங்கியோர்க்கும். ஆண்டு முழுவதும் ஓய்வின்றி ஒரே ஆட்டத்தை ஆடுதல், களைத்த கையோடு எறிதல், வேகத்தையே பெரிதென மதித்தல் என்பன இதற்குக் காரணமாகக் கூறப்படுகின்றன. இவற்றினும் கொடியது ஒன்றுண்டு. சிகிச்சை செய்தால் கை முன்னையிலும் வலுப்பெறும் என நம்பி, நோயில்லாதிருக்கும்போதே அதனை விரும்பும் இளைஞரும் பெற்றோரும் அங்கே உளர். இது முற்றிலும் பிழையான எண்ணம். இரவல் நாண் பிறவி நாரிலும் மேலானதன்று. மீண்டவர் வலுப்பெற்றுத் தோன்றுவது அவர் ஓராண்டு முழுவதும் செய்த பயிற்சியின் பயனே. அப்பயிற்சியைக் கத்திபடாமலே செய்யலாம். மீளாதவரும் உளர் என்பதைப் பத்திரிகைகள் பெரிய எழுத்தில் அச்சிடுவதில்லை. தம் பெயர் தாங்கிய சிகிச்சை சிறுவர்க்குச் செய்யப்படுவதைக் கண்டு ரொமி ஜோன் தாமே வருந்தியுள்ளார்.

2014-இல் அமெரிக்கப் பேஸ்போல் அமைப்புகள் இளைஞர்க்கென எண்ணிக்கை வரம்பு ஒன்றை வகுத்தன. ஒன்பது பத்து வயதினர் ஒரு நாளில் 75 பந்துக்கு மேல் எறியலாகாது. பதின்மூன்று பதினான்கு வயதினர் 95. பதினேழு பதினெட்டு வயதினர் 105. எறிந்த எண்ணிக்கைக்கேற்ப ஓய்வுநாளும் வகுக்கப்பட்டுள்ளது. வேண்டியது ஒரு பென்சிலும் ஒரு தாளும், எண்ணுவதற்கு ஓர் ஆளுமே. சத்திர சிகிச்சைக்கு ஓராண்டு செல்லும். எண்ணுவதற்கு ஒரு கணமும் செல்லாது.

நம் மைதானங்களிற் பேஸ்போல் இல்லை. ஆயினும் கை ஒன்றே. வேகமாகப் பந்து வீசும் மாணவனுக்கு முழங்கையிலும் பார்க்கத் தோளும் முதுகுமே முதலிற் பழுதுபடுவன. அணியில் வேறு வீச்சாளர் இல்லையே என்று ஒருவனையே காலைமுதல் மாலைவரை வீசச் செய்யும் அணித்தலைவரும், நோவைச் சொன்னால் இடம் போய்விடுமென்று பல்லைக் கடித்துக்கொண்டு வீசும் மாணவனும் எக்காலத்தும் உளர். நோவு கோழைத்தனமன்று, அது உடம்பு அனுப்பும் ஓலை. அதனைப் பிரித்து வாசித்தல் அறிவுடையார் செயல்.

திருவள்ளுவர் ஆள்வினையுடைமையை அடுத்து இடுக்கணழியாமையை வைத்தார். முயற்சியுடையானுக்கும் இடுக்கண் வரும். அதன்பின் அவன் நிற்கும் நிலையே அவன் யாரென்பதைக் காட்டும் என்பது அவ்வைப்பு முறையால் விளங்கும். ரொமி ஜோன் வாழ்க்கையை வாசிக்கும் மாணவர் அவர் துணிவை மட்டும் கண்டு நின்றுவிடலாகாது. நூற்றுக்கு ஒன்று என உண்மையை உள்ளவாறு உரைத்த வைத்தியரையும், கற்றதை ஒளிக்காத தோழரையும், மாதத்துக்கு ஓர் அங்குலமாக வளர்ந்த நரம்புக்காகப் பொறுத்திருந்த நோயாளரையும் ஒருங்கே காணல் வேண்டும். இம்மூவருள் ஒருவர் குறைந்திருப்பினும் அந்த நூற்றறுபத்து நான்கும் இல்லை.